பன்னிரண்டு நாற்காலிக் கல்யாணம்

பத்திரப்பதிவு அலுவலகத்து மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர்களுடைய காரியங்களைத் தட்டச்சு செய்துவருகிறார் ஒரு மனிதர். வீடு விற்கிறவர், நிலம் வாங்குகிறவர், பெயர் மாற்றுகிறவர், பிரிந்துபோகிறவர் எல்லாரும் அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவருக்கு ஊரார் வைத்த பெயர் 'ஒரேதட்டு'. அடித்தால் ஒரு தடவைதான், திருத்தம் என்ற பேச்சே கிடையாது என்பதால் வந்த பெயர். பழைய மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்து, அழிப்பது ஒரு விரல் வேலையாகிவிட்ட பிறகும் அவர் அழிப்பதில்லை. அது ஒரு வீம்பு. அந்த வீம்பில்தான் சோறு வந்தது, பெண் படித்தாள்.

வெளியே கேட் ஓரத்தில் இன்னொரு தட்டச்சர் குடை விரித்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு 'வேகம்' என்று பெயர். பத்து நிமிஷத்தில் பத்திரம் கையில் கிடைக்கும். அதில் வாங்கினவரை விற்றவராக்கி, உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்து, ஏதாவது ஒரு கூத்து நடந்திருக்கும். "அவசரம்னா கேட்டுக்குப் போங்க, பத்திரம் வேணும்னா இங்க நில்லுங்க" என்பது ஒரேதட்டு வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம்.

படிக்கட்டுக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நின்றால் மண்டை இடிக்கும். ஆகையால் அவர் உட்கார்ந்தே இருப்பார், வருகிறவர்கள் நின்றுகொண்டு பேசுவார்கள். எல்லாரையும் அண்ணாந்து பார்த்தே பதில் சொல்லி, கழுத்தில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தாலும் போவார். மழையானாலும் போவார், காய்ச்சலானாலும் போவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவார். என்றைக்காவது ஒருநாள் தன் பெண்ணின் கல்யாணத்தில் மண்டப வாசலில் தான் நிமிர்ந்து நிற்க வேண்டும், பதிவாளரிலிருந்து பியூன் வரைக்கும் தன்னைத் தேடி வந்து கையைப் பிடிக்க வேண்டும். ஒரு மனிதனுக்கு ஆசை இவ்வளவுதான் என்றால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்களைச் சரிபார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் எண், எதுவானாலும் பின்னாலிருந்து படிக்க வேண்டும். முன்னாலிருந்து படித்தால் கண் பழக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும், தப்பு இருந்தாலும் பிடிபடாது என்பார். அசல் ஒருத்தர் கையில், அடித்த காகிதம் இவர் கையில். அவர் கடைசி இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டே வருவார். முக்கியமான பத்திரம் என்றால் இந்த வேலையை அலுவலகத்தில் யாரையும் நம்பி விடமாட்டார். வீட்டுக்கு எடுத்துப்போவார்.

வீட்டில் அவர் மனைவி. அந்த அம்மாள் இருபது வருஷம் தொலைபேசி நிலையத்தில் நம்பர் சொல்லும் வேலையில் இருந்தவள். அவள் குரலில் ஏழு ஏழாகவே கேட்கும், எட்டு எட்டாகவே கேட்கும். சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவள். ஊரார் வீட்டு எண்களைப் பின்னாலிருந்து படித்துப் படித்தே அவர்கள் குடித்தனம் ஓடியது. பேச்சுவார்த்தை நின்றுபோன நாட்களில்கூட இந்தப் படிப்பு நிற்காது. கோபம் இருந்தால் 'சரி' கொஞ்சம் முறைப்பாக வரும், அவ்வளவுதான்.

ஒரே பெண். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நாலு வருஷமாக யார் யாரையோ பெற்றவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் நம் பாஷைக்காரப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய் வீட்டில் சொன்னாள். ஒரேதட்டு இரண்டு நாள் முறைத்தார், மூன்றாம் நாள் போனில் பையனோடு பேசினார், நாலாம் நாள் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் வருஷக் கடைசியில், இங்கே, ஊரிலேயே பெரிய மண்டபத்தில் என்று முடிவானது. அவர் அன்று மாலையே போய் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார். அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை அடிக்கத் தொடங்கினார். ஆயிரத்து நூற்று நாற்பது பெயர். ஒரு பெயரிலும் திருத்தம் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் போன் செய்தாள். கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்றாள். அதுவும் இன்னும் எட்டு வாரத்தில். நகராட்சி அலுவலகத்தில் கல்யாணம் பதிவு செய்ய ஒரு சின்ன அறை இருக்கிறதாம், பன்னிரண்டு நாற்காலி போட்டிருப்பார்களாம், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுமாம். மாப்பிள்ளையின் குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பில் கிடக்கிறது, இந்த நேரத்தில் அவர் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொட்டுகிற பணத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்று காரணங்களை அடுக்கினாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் போட்டாயிற்று என்றும் சொன்னாள்.

"பன்னிரண்டு நாற்காலியில உங்கப்பனுக்கு எத்தனாவது நாற்காலி?" என்று கேட்டார் அவர்.

"முன்வரிசைப்பா. நீங்களும் அம்மாவும் முன்வரிசையில."

அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அவளாவது தன் பக்கம் பேசுவாள் என்று அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவருக்கு, "நீ சொல்றதுதான் சரிம்மா. சின்னதா முடிச்சுக்கலாம்" என்று அவள் சொன்னது கேட்டது. முப்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு அடி அவருக்கு விழுந்ததில்லை. தாயும் மகளும் கூட்டுச் சேர்ந்துகொண்டு தன்னைச் செல்லாக்காசாக்கிவிட்டார்கள் என்று கறுவினார்.

கூட்டுச் சேர்ந்தது உண்மைதான். எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் வித்தை எனக்குப் பிடிக்காது. அந்தப் போனுக்கு மூன்று வாரம் முன்னால், பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு அந்த அம்மாள் தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயிற்றில் ஆரம்பித்த நோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. வைத்தியம் ஆரம்பித்தால் படுக்கைதான், பயணமெல்லாம் நினைக்கவே முடியாது, வைத்தியத்தால் பெரிதாகப் பலன் இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். இப்படியே விட்டால் எத்தனை நாள் நடமாட முடியும் என்று கேட்டாள். இரண்டு மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று என்று பதில் வந்தது. அவள் வெளியே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தாள். வருஷக் கடைசி வரைக்கும் நான் இருக்க மாட்டேன், அதற்குள் உன் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், மாப்பிள்ளையால் வர முடியாதென்றால் நான் வருகிறேன் என்றாள். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னால் அந்த மனிதர் கல்யாணம், டிக்கெட் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து திரும்பி வந்ததும் தானே சொல்லிக்கொள்வதாக இருந்தாள்.

இதெல்லாம் தெரியாத ஒரேதட்டு, ஒரு வாரம் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாடிப்படிக்கு அடியில் வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தார். மண்டபத்துக்காரர் தேதியை உறுதிசெய்ய ஆள் அனுப்பியபோது, "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

அங்கே கல்யாணம் பதிவாக வேண்டுமானால் இங்கிருந்து ஒரு காகிதம் போக வேண்டியிருந்தது. இந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரிய இன்னார் என் மகள், இதுவரை மணமாகாதவள், இந்தக் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் சம்மதிக்கிறோம் என்று தகப்பன் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரம். அதை நோட்டரி வக்கீல் முத்திரை போட்டு, தலைநகரத்து அலுவலகம் மேல்முத்திரை போட்டு, அதன்பின் கூரியரில் போகும். இப்படிப்பட்ட பத்திரம் ஆயிரமாவது அடித்திருப்பார் மனிதர். வேண்டாம் என்று மறுத்தால் வீட்டில் பொல்லாப்பு. சம்மதித்தால் பன்னிரண்டு நாற்காலி.

ஒரு மத்தியானம் அதை அடித்தார். பாஸ்போர்ட் எண்ணில் ஏழு இலக்கம். கடைசியிலிருந்து நாலாவது இலக்கம் மூன்று. அந்த இடத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. இந்த எண் பிசகினால் அங்கே காகிதத்தைத் திருப்பி விடுவார்கள். தேதி போய்விடும். தேதி போனால் பெண்ணின் லீவும் போய்விடும், அடுத்த லீவு வருஷக் கடைசியில்தான். அதற்குள் மாப்பிள்ளைக்கும் அனுமதி வந்திருக்கும், மண்டபம் காத்துக்கொண்டிருக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, மூன்று அடிக்க வேண்டிய இடத்தில் எட்டு அடித்தார். வேகம் தினமும் கவனக்குறைவால் செய்வதை இவர் வாழ்நாளில் முதல்தடவையாகக் கவனமாகச் செய்தார்.

சாயங்காலம் காபி குடித்துவிட்டு, வழக்கம்போல மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாஸ்போர்ட் நகல் அவள் கையில், பத்திரம் இவர் கையில். அந்தம்மாள் கொஞ்சம் இளைத்திருந்தாள். கல்யாணக் கவலை என்று நினைத்தாரே தவிர, உற்றுப் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்குப் பெண்டாட்டியின் முகம் எங்கே தெரிகிறது?

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பது என்றாள். சரி என்றார். இரண்டு. சரி. ஏழு. சரி. மூன்று என்றாள், பழைய தொலைபேசி நிலையத்துக் குரலில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. கையிலிருந்த காகிதத்தில் எட்டு இருந்தது.

"சரி" என்றார் அவர்.

அவள் மிச்சத்தையும் படித்து முடித்து, நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. வெளிநாட்டில் குளிருமே, என்ன போட்டுக்கொள்வது என்று கேட்டாள். அவர் பத்திரத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

காகிதம் முத்திரை மேல் முத்திரை வாங்கிக்கொண்டு கடல் தாண்டிப் போனது. இந்த முத்திரை போடுகிறவர்களில் எவனும் எண்ணைப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்த தொழில் ரகசியம். பத்தொன்பதாம் நாள் பெண் அழுதுகொண்டே போன் செய்தாள். பாஸ்போர்ட் எண் ஒத்துப்போகவில்லை என்று அங்கே பத்திரத்தைத் தள்ளிவிட்டார்கள். புதுப் பத்திரம் வந்த பிறகுதான் தேதியாம், குறைந்தது பத்து வாரம் ஆகுமாம். "பத்து வாரம்ப்பா, பத்து வாரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தேதி தள்ளிப்போனதற்கு இப்படி அழுவானேன் என்று அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சரி, எல்லாம் நன்மைக்குத்தான் என்று சமாதானம் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது, மனைவி சாப்பாட்டு மேசையில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்திரத்தின் நகலும் பாஸ்போர்ட்டின் நகலும் எதிரே இருந்தன.

"உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

"நான் மூணுன்னு படிச்சேன். நீங்க சரின்னு சொன்னீங்க."

"வயசாகுதில்ல. கண்ணு எங்கியோ போயிருக்கும்."

"உங்களுக்குத் தப்பு வராதுங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "முப்பது வருஷமா உங்க எதிர்ல உக்காந்து படிக்கிறேன். உங்க 'சரி' எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அந்த ஒரு 'சரி' மட்டும் வேற மாதிரி வந்துச்சு. என்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டேன்."

அவருக்கு அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், வேண்டுமென்றுதான் செய்தேன், ஒரே பெண்ணின் கல்யாணத்தை எவனோ ஒருத்தன் அலுவலகத்து அறையில் பன்னிரண்டு நாற்காலி போட்டு முடிக்க எனக்கு மனசு இல்லை, வருஷக் கடைசியில் இங்கே ஜாம்ஜாம் என்று நடக்கட்டும், அப்படி என்ன குடி முழுகிப்போய்விட்டது என்று படபடவென்று கொட்டித் தீர்த்தார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு வருஷக் கடைசின்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றாள்.

அப்புறம் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போக எடுத்து வைத்த சாப்பாட்டுப் பை பக்கத்திலேயே இருந்தது.

அன்றைக்கு அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தைப் பதிவு அலுவலகத்தில் இன்றும் பேசுவார்கள். பத்து மணிக்குள் புதுப் பத்திரம் அடித்தார். நோட்டரி வக்கீலைக் குளியலறையிலிருந்து கூப்பிட்டு முத்திரை வாங்கினார். கூரியரை நம்பாமல் தானே பஸ் ஏறித் தலைநகரத்துக்குப் போய், வரிசையில் நின்று, சின்ன வயசு கிளார்க் ஒருத்தியிடம் கைகூப்பி, அன்றைக்கே மேல்முத்திரை வாங்கினார். அங்கே பெண்ணும் நகராட்சி அலுவலகத்தில் போய் அழுது பார்த்தாள். பத்து வாரம் ஏழு வாரமாகக் குறைந்தது. அதற்குக் கீழே ஒரு நாளும் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏழு வாரம் அந்த அம்மாளிடம் இல்லை. நாலாவது வாரம் காலெல்லாம் வீங்கி நடக்க முடியாமல் போனது. விமானத்தில் ஏற்ற முடியாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். கிளம்பி வருகிறேன் என்ற மகளை, கிடைத்த தேதியை விட்டுவிடாதே, கல்யாணத்தை முடித்துவிட்டு வா என்று தடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் போட்ட வார்டில், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அவர் மாடிப்படி மேசையைப் பூட்டிவிட்டு அங்கேயே கிடந்தார். அவள் திட்டுவாள், ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டினால் தேவலை என்று காத்திருந்தார். அவள் திட்டவே இல்லை. தண்ணீர் கேட்டாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், போனில் மகளுக்குத் தைத்துக்கொண்டிருந்த கல்யாண உடையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள்.

ஒருநாள் அவரால் தாங்க முடியவில்லை. பெண்ணிடம் நடந்ததைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள் அவள். "நான் போயிடுவேன். அவளுக்கு அப்பாவாவது மிஞ்சட்டும்."

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பெண் தனியாக வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளையால் வர முடியவில்லை. சாவு வீட்டுக்கு ஊரே வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பெயரில் முக்கால்வாசிப் பேர் வந்திருப்பார்கள். பதிவாளர் வந்தார், பியூன் வந்தார், கேட்டுக்கு வெளியே உட்காரும் வேகமும் கடையை மூடிவிட்டு வந்தார். ஒரேதட்டு வீட்டு வாசலில் நிமிர்ந்து நின்றார். எல்லாரும் அவரைத் தேடி வந்து, ஒருத்தர் விடாமல் கையைப் பிடித்தார்கள். அவர் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்கத்தான் அவருக்குக் கண்ணில்லை.

கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்பது தாயின் கடைசி வார்த்தை. அங்கே சாவைச் சொல்லி, தேதியைப் பெண் இன்னும் மூன்று வாரம் தள்ளி வைத்தாள். ஆனால் பழைய பத்திரம் இப்போது செல்லாது. நானும் என் மனைவியும் சம்மதிக்கிறோம் என்று எழுதிய காகிதம் அது. சம்மதித்தவர்களில் ஒருத்தி இல்லையே. மறுபடியும் அடிக்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் காலையில் அப்பாவும் மகளும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். மாடிப்படிக்கு அடியில் பூட்டியிருந்த மேசையைத் திறந்து, தூசி தட்டி, அவர் அடித்தார். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. காகிதம் வெளியே வந்ததும், பழக்கதோஷத்தில் பாஸ்போர்ட்டை எதிர்ப்பக்கம் நீட்டினார். எதிரே நின்றவள் மகள். அவள் வாங்கிக்கொண்டு, சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிய வேலைதானே, கடைசியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். குரல் அப்படியே அம்மாவின் குரல்.

ஒன்பது, இரண்டு, ஏழு என்று வந்தவள், அடுத்த இலக்கத்தில் நின்றாள்.

"இதுதானே போன தடவை தப்பாப் போனது?" என்றாள். "பாவம்ப்பா அம்மா. நீங்க பக்கத்துல இல்லாதப்பல்லாம் போன் பண்ணி அதையே சொல்லிட்டிருந்தா. மாத்திரை மயக்கத்துல எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, நான்தான் தப்பாப் படிச்சுக் குடுத்துட்டேன், அப்பாவ ஒண்ணும் சொல்லாதேன்னு. உன் கல்யாணத்த நானே பாக்க முடியாம பண்ணிக்கிட்டேன்னு அழுதா."

 இதை மனைவி அவரிடம் சொல்லவே இல்லை. தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சொல்லி, புருஷன் செய்த காரியத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டு இன்னொரு 'சரி' சொன்னால் போதும். மகள் மிச்ச இலக்கங்களைப் படித்துவிட்டுப் போய்விடுவாள். காலத்துக்கும் அவளுக்கு அப்பா இருப்பார், அந்த அம்மாள் விட்டுப்போனது அதைத்தான். ஆனால் வாழ்நாளெல்லாம் ஒரு நம்பரைக்கூடத் தப்பாகச் சொல்லாதவளைத் தப்பாகப் படித்தவளாக மகள் நெஞ்சில் விட்டுவைக்க அவரால் முடியவில்லை.

"உங்கம்மா சரியாத்தான் படிச்சா" என்றார். "மூணுன்னுதான் படிச்சா. நான்தான் எட்டு அடிச்சு வெச்சுட்டு, சரின்னு சொன்னேன்."

பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. ஏன் என்று கேட்டாள். மண்டபம் என்றார், வருஷக் கடைசி என்றார், அவளுக்கு முடியலேன்னு எனக்குத் தெரியாதும்மா என்றார். அண்ணாந்து பார்த்தே பேசினார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். மேலே படியில் யாரோ சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அவள் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்தாள். அவர் அடித்து வைத்த காகிதத்தைத் தொடாமல், திரும்பி கேட்டைப் பார்த்து நடந்தாள்.

குடைக்கு அடியில் வேகம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்குப் பின்னால் அவள் வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, என்ன எழுத வேண்டும் என்று சொன்னாள். வேகம் ஒரு தடவை கேட்டைத் தாண்டி மாடிப்படிப் பக்கம் பார்த்தார், ஒன்றும் புரியாமல் அடிக்கத் தொடங்கினார். பின்னாலிருந்து படித்துப் பாருங்கள் என்று கத்த வேண்டும்போல ஒரேதட்டுக்கு நாக்கு துடித்தது. உட்கார்ந்தே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வேகமே எழுந்து படிக்கட்டுக்கு வந்தார். வாழ்நாளெல்லாம் தன்னைக் கேலி பண்ணிய மனிதரிடம் தயங்கித் தயங்கி நின்றார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். அண்ணி பேருக்கு முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு போடணுங்களா, இல்ல பேர் மட்டும் போதுங்களா?"

"போடணும்" என்றார் அவர்.

கையெழுத்து தகப்பன் போட வேண்டியது. அதனால் காகிதத்தை மகள்தான் கொண்டு வந்து வைத்தாள். எண்ணைச் சரிபார்க்கப் பாஸ்போர்ட்டுக்காகக் கையை நீட்டினார். நானே பார்த்துவிட்டேன் என்றாள் அவள். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர், படித்துப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போட்டார். விமான நிலையத்துக்கு வர வேண்டாம்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு, முத்திரைகளை வழியில் தானே வாங்கிக்கொள்ள அவள் அன்றைக்கே கிளம்பினாள். அவருக்குப் போட்டிருந்த டிக்கெட்டின் தேதி எப்போதோ தாண்டியிருந்தது. புது டிக்கெட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

கல்யாணம் ஒரு வேலைநாளில் நடந்தது. அன்றைக்கு அவர் மூன்று பத்திரம் அடித்தார். சாயங்காலம் போனில் ஒரு படம் வந்தது. மாப்பிள்ளை அனுப்பியிருந்தார், கூட ஒரு வார்த்தையும் இல்லை. சின்ன அறை, வெள்ளைச் சுவர், எதிரே நிற்கும் மகளும் மாப்பிள்ளையும், முதுகு காட்டிய நாற்காலிகள். அவர் படத்தைப் பெரிதாக்கி, கடைசி வரிசையிலிருந்து எண்ணினார். நாலு பேர். அதற்கு முன்வரிசையில் நாலு பேர். முதல் வரிசையின் ஓரத்தில் இரண்டு பேர். நடுவில் இருந்த இரண்டு நாற்காலிகளில் யாரும் இல்லை.

ஒன்று அவளுக்கு. இன்னொன்று யாருக்கு என்று மகளைக் கேட்க, போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பல நாள் உட்கார்ந்திருக்கிறார். இன்றுவரைக்கும் கேட்கவில்லை.